மருத்துவச்சிக்கு வேண்டாத பாடம்

பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். "பிரெஞ்சுக்காரர் காலத்தில் மருத்துவச்சியாக வேலை பார்த்தவர் இந்தப் பக்கம் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள், அம்மா. இனிமையான நினைவுகளாக நாலு எழுதிக் கொடுங்கள்" என்றார் தலைமையாசிரியை. சரி என்றுதான் தலையாட்டினேன். அன்று மாலையே அந்தப் பள்ளியில் ஒரு கூட்டம். படிப்பை முடிக்கப்போகும் பெண்களுக்கு அடுத்து என்ன படிக்கலாம் என்று சொல்ல ஓர் அதிகாரி வந்திருந்தார். "வாழ்க்கையில் என்ன ஆக வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு ஏற்ற படிப்பைத் தேர்ந்தெடுங்கள்" என்று ஆரம்பித்தார். நல்ல பேச்சுதான். ஒரு பெண் எழுந்து, தான் டாக்டராக வேண்டும் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "நர்ஸ் படிப்பைப் பாரம்மா. பெண்களுக்கு அது பொருத்தம், குடும்பத்துக்கும் தோது" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஆகவே, இனிமை வேண்டுகிறவர்கள் இந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போகலாம். எனக்கு எந்தப் படிப்பு பொருத்தம் என்று மற்றவர்கள் முடிவு செய்தார்கள். அதனால் குருவிநத்தத்தில் ஒருத்தி செத்தாள். அதைத்தான் எழுதப்போகிறேன்.

என் ஊர் உறுவையாறு. அப்பா கோயில்பிள்ளை. மாதா கோயிலில் மணியடிப்பது, பூசைச் சாமான்களை எடுத்து வைப்பது, பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுப்பது அவர் வேலை. பங்குச் சாமியார் தயவில் என்னைப் பட்டணத்தில் கன்னியர் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே பிரெஞ்சு படித்து, பிரெவே என்று சொல்கிற பரீட்சையில் தேறினேன். அந்தப் பரீட்சையில் தேறியவர்கள் டாக்டர் படிப்புக்கு மனுப் போடலாம். நான் போட்டேன். அதற்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பாவின் காலில் வந்த கட்டியை வில்லியனூரில் ஒரு டாக்டர் அறுத்தபோது நான் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பயமே வரவில்லை. அந்தக் கத்தியை வாங்கி நானே செய்ய வேண்டும்போல் கை துறுதுறுத்தது. அவ்வளவுதான்.

படிப்பு நடந்த இடத்தின் பெயரை எழுதி யாரையும் சங்கடப்படுத்தப் போவதில்லை. அதன் தலைவர் ஒரு வெள்ளைக்கார டாக்டர். நாங்கள் எல்லாரும் அவரைப் பெரிய டாக்டர் என்போம். என் மனுவை அவர் படிக்கவில்லை. என்னைப் பார்த்தார், அப்பாவின் வெறுங்காலைப் பார்த்தார், பிறகு குமாஸ்தாவைப் பார்த்து, "இந்தப் பெண் எதற்கு டாக்டர் படிப்பு கேட்கிறாள்?" என்று பிரெஞ்சில் கேட்டார். நான் பிரெஞ்சிலேயே பதில் சொன்னேன். என் பதில் காதில் விழாததுபோல அவர் மறுபடியும் குமாஸ்தாவிடமே பேசினார். கிராமத்துப் பெண்கள் பிரசவத்துக்குத் தவிக்கிறார்கள், அவர்களுக்கு வேண்டியது மருத்துவச்சி, பெண்பிள்ளைக்குப் பொருத்தமும் அதுதான், சீக்கிரம் முடிந்துவிடும், சீக்கிரம் வேலையும் கிடைக்கும். குமாஸ்தா அதைத் தமிழில் அப்பாவுக்குச் சொன்னார். அப்பா இரண்டு கையையும் கூப்பி, "பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். என் மனுவின் மேல் வேறு படிப்பின் பெயரை எழுதி என்னிடம் நீட்டினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

மருத்துவச்சிப் படிப்பைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லிக் கொடுத்ததைச் சுத்தமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். நகத்தை ஒட்ட வெட்டி, முழங்கை வரை சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவிய கையால் கதவைத் தொட்டால் மறுபடியும் முதலிலிருந்து கழுவ வேண்டும். கத்தரிக்கோலையும் நூலையும் கொதிக்க வைக்க வேண்டும். வயிற்றின் மேல் கையை வைத்து, குழந்தையின் முதுகு எந்தப் பக்கம், தலை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். மரக்குழலை வைத்துக் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்க வேண்டும். எல்லாம் எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது.

ஆனால் தோல்பெட்டி ஒன்று இருந்தது. குழந்தை தானாக வராதபோது தலையைப் பிடித்து எடுக்கிற இரும்பு ஆயுதம் அதில் இருக்கும். இன்றைக்கும் நம் பெண்கள் 'ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை' என்று சொல்கிறார்களே, அதே ஆயுதம்தான். அந்தப் பெட்டி வகுப்புக்குள் வந்ததும் எங்களுக்குப் பாடம் நடத்திய அம்மையார் கையைத் தட்டி, "மருத்துவச்சிகள் வெளியே" என்பார். டாக்டர் படிப்புப் பையன்கள் உள்ளே இருப்பார்கள், நாங்கள் வெளியே வர வேண்டும். அந்த நேரத்தில் எங்களுக்குத் துணி அலசுகிற வேலை. ஒருநாள் நான் நின்றபடியே, "நாங்களும் பார்க்கலாமே, மதாம்" என்றேன். "இது உனக்கு வேண்டாத பாடம். சட்டப்படி நீ ஆயுதத்தைத் தொடக்கூடாது. தொடக்கூடாததைப் பார்த்து என்ன செய்யப்போகிறாய்? தேவைப்பட்டால் டாக்டரைக் கூப்பிடு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் காலத்திலும் அவரை அப்படித்தான் வெளியே அனுப்பியிருப்பார்கள்.

படிப்பு முடிந்து பாகூருக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் பொன்னுரங்கம் எனக்கு மேலதிகாரி. ஒல்லியான மனிதர், வெயில் எப்படி அடித்தாலும் கோட்டுப் போடாமல் வெளியே வர மாட்டார். கோபம் வந்தால் பிரெஞ்சு, கேலி என்றால் தமிழ். பிரசவம் பார்த்துவிட்டு வந்தால் என்னை உட்காரவே விட மாட்டார். "சொல்லு. வயசு எத்தினி? எத்தினாவது பேறு? தண்ணிக்குடம் எப்ப உடைஞ்சுது?" என்று கேள்விகள் வரும். ஒன்றுக்குப் பதில் தடுமாறினாலும், "மறுபடி போய்ப் பாத்துட்டு வா" என்று வெயிலில் திருப்பி அனுப்புவார். நான் முணுமுணுத்துக்கொண்டே போவேன். ஆனால் அவர் என்னை ஒருநாளும் மட்டமாகப் பேசியதில்லை. பாகூர் சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டிலும் அவர் பிரசவ அறைக்குள் நுழைந்ததும் இல்லை. ஆண் டாக்டரை யாரும் உள்ளே விட மாட்டார்கள். எங்கள் மேலிடத்துக்கு இது நன்றாகத் தெரியும். அதற்காகத்தானே பெண்களை மருத்துவச்சிப் படிப்பில் போட்டார்கள்? ஆயுதம் போடத் தெரிந்த ஆணை வீட்டுக்குள் விட மாட்டார்கள். வீட்டுக்குள் விடுகிற பெண்ணுக்கு ஆயுதம் போடத் தெரியக்கூடாது. இந்த ஏற்பாட்டை உட்கார்ந்து யோசித்தவர்கள் படித்தவர்கள். எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

குருவிநத்தத்தில் வெங்கடாசலம் என்பவர் நெல்லும் கரும்பும் பயிரிடுகிற வசதியான விவசாயி. அவர் மனைவி பூங்காவனம். தலைப்பிரசவம். வண்டி அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது தண்ணிக்குடம் உடைந்து ஒரு பகலும் ஓர் இரவும் ஆகியிருந்தது. வீட்டுப் பெண்கள் அதற்குமுன் அவளை நடக்க வைத்து, முக்க வைத்து, களைக்க வைத்துவிட்டார்கள். கை கழுவிப் பார்த்தேன். தலை இறங்கியிருந்தது, ஆனால் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் குறுக்காக நின்றது. வலி விட்டு விட்டு, வரவரக் குறைந்துகொண்டே வந்தது. மரக்குழலை வைத்தேன். குழந்தையின் துடிப்பு மெதுவாகிக்கொண்டிருந்தது. என் பாடம் அத்தோடு முடிந்தது. அதற்கு மேல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அதே வண்டியைப் பாகூருக்குத் திருப்பி அனுப்பினேன்.

டாக்டர் உச்சிவேளைக்குள் வந்துவிட்டார். தோல்பெட்டியோடு முற்றத்தைத் தாண்டி அறை வாசலுக்கு வந்தார். வெங்கடாசலம் கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"ஆம்பள உள்ள போற வழக்கம் எங்க வூட்ல கெடையாது, டாக்டரே. கோச்சுக்காதீங்க."

"உன் பொண்டாட்டி செத்துப் போவா. புள்ளையும் போவும்" என்றார் டாக்டர்.

"அதான் தெரேசம்மா உள்ள இருக்காங்களே. அவங்களும் உங்க ஆளுதானே? நீங்க சொல்லுங்க, அவங்க செய்யட்டும்."

நான் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். பூங்காவனமும் கேட்டாள். "யாரா இருந்தா இன்னா, வரச் சொல்லுங்களேன்!" என்று கத்தினாள். அவளுக்கு இருந்த தெம்பு அவ்வளவும் அந்தச் சத்தத்தில் போயிற்று. நாத்தனார் ஒருத்தி அவள் வாயைப் பொத்தினாள். பிள்ளை பெறுகிறவள் அவள், சாகக் கிடக்கிறவள் அவள். அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மட்டும் மதிப்பில்லை.

வெளியே வெங்கடாசலம் ஒரு விசுப்பலகையை இழுத்து வந்து கதவுக்குப் பக்கத்தில் போட்டார். டாக்டர் அறைக்கு முதுகைக் காட்டி அதில் உட்கார வேண்டும். உள்ளே நடப்பதை நான் சொல்ல வேண்டும். அவர் கேட்டு யோசனை சொல்ல வேண்டும். "இப்படிச் செஞ்சா யாரு மானமும் போவாது பாருங்க" என்றார். பெரிய சிக்கலை அவிழ்த்துவிட்ட திருப்தி அவர் குரலில் இருந்தது. மனைவிமேல் பிரியம் இல்லாதவர் என்று சொல்ல முடியாது.

டாக்டர் உட்காரவில்லை. "மருத்துவச்சி கையில ஆயுதத்தைக் குடுக்கச் சட்டம் இல்ல" என்றார். பிறகு கெஞ்சினார். பிறகு பிரெஞ்சில் திட்டினார். நான் மறுபடியும் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, துடிப்பு இன்னும் இறங்கிவிட்டது என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன். கதவு ஒரு கை அகலம் திறந்தது, பெட்டி உள்ளே வந்தது.

நான் அந்த ஆயுதத்தைக் கையில் எடுத்தது அன்றுதான் முதல் தடவை. நீளக் காம்பு வைத்த இரண்டு வளைந்த கரண்டிகள். எது இடது, எது வலது என்றுகூட எனக்குத் தெரியாது. டாக்டர் வெளியே விசுப்பலகையில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். அவரால் அந்த நிதானம் எப்படி முடிந்தது என்று இப்போதும் நினைப்பேன். "முதல்ல கொதிக்க வை. மூத்திரத்தை எடுத்துடு. கட்டில் ஓரத்துக்கு இழுத்துப் படுக்க வை. எடது கரண்டி முதல்ல. வலது கை ரெண்டு விரலை உள்ள வச்சு, அது மேலயே வழுக்கி விடு. அழுத்தாத." நான் செய்தேன். வலது கரண்டியையும் விட்டேன். இரண்டு காம்பும் ஒன்றன்மேல் ஒன்று வந்து பூட்ட வேண்டுமாம்.

"பூட்டு விழல, ஐயா."

"காது எங்க இருக்குது? விரலால தேடு."

"தெரியல, ஐயா."

"எடுத்துடு. மறுபடி முதல்லேர்ந்து."

மறுபடியும் செய்தேன். இந்தத் தடவை பூட்டிக்கொண்டது. வலி வரும்போது மட்டும் இழுக்கச் சொன்னார், முதலில் கீழ்நோக்கி, பிறகு மேல்நோக்கி. எவ்வளவு பலத்தில் இழுக்க வேண்டும் என்பதை வாயால் எப்படிச் சொல்வது? அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், தெரிந்தவர் கைமேல் கை வைத்துப் பழக வேண்டும். நான் துணி அலசிக்கொண்டிருந்த நாட்களில் பையன்கள் அதைத்தான் உள்ளே பழகிக்கொண்டிருந்தார்கள்.

குழந்தை வந்தது. நீலமாக இருந்தது. வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, ஊதி, அழ வைத்துவிட்டேன். அது என் பாடம், எனக்குத் தெரியும். பெண்குழந்தை. வெளியே யாரோ, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றார்கள். நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்தது. ஆனால் இரத்தம் நிற்கவில்லை.

"கர்ப்பப்பை கல்லாட்டம் இறுகியிருக்குது, ஐயா. ஆனா ரத்தம் நிக்கல. செவப்பா ஓடுது."

விசுப்பலகை கவிழ்கிற சத்தம் கேட்டது. உள்ளே கிழிந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தடவை அவர் யாரையும் கேட்கவில்லை, தோளால் இடித்துக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கோட்டோடு மண்டியிட்டு உட்கார்ந்து தையல் போட்டார். தையல் நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் போன இரத்தத்தைத் திருப்பிக் கொடுக்க அந்தக் காலத்தில் எங்களிடம் ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன வண்டிகள் திரும்புவதற்குள் பூங்காவனம் போய்விட்டாள். குழந்தையை அவள் பார்த்தாளா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

மருத்துவச்சியின் கை கிழித்துவிட்டது என்று ஊரில் பேசினார்கள். அதை நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீச்சல் சொல்லித் தராமல் ஏரியில் தள்ளிவிட்டு, மூழ்கினது அவள் குற்றம் என்று சொல்வதா?

பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் பட்டணத்துக்கு வரவழைத்தார். "ஆயுதத்தைத் தொட்டது யார்?" என்பதுதான் முதல் கேள்வி. செத்தவள் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. பொன்னுரங்கம் ஒளிக்காமல், "நான்தான் கொடுத்தேன்" என்றார். அவரைக் காரைக்காலுக்கு மாற்றினார்கள். என்னிடம், இனிமேல் தொடாதே என்று எச்சரித்தார்கள்.

"அப்படியானால் எனக்குச் சொல்லிக் கொடுங்கள், முசியே. அந்த வகுப்பில் நான் உட்காருகிறேன்" என்றேன்.

அவர் இந்தத் தடவை என்னைப் பார்த்தே பேசினார், சிரித்துக்கொண்டே: "அதையும் கற்றுக்கொண்டால் நீ டாக்டர் ஆகிவிடுவாயே?"

"அதற்குத்தான் முதல் நாளே வந்தேன்" என்றேன். குமாஸ்தா என்னை வெளியே கூட்டிப்போனார். அதற்குப் பிறகு எத்தனையோ பிரசவம் பார்த்தேன். பெரும்பாலும் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். தலை குறுக்கே நிற்கும்போதெல்லாம் டாக்டருக்கு வண்டி அனுப்புவேன். வீட்டுக்காரர்களோடு வாசலில் நின்று தொண்டை கிழியச் சண்டை போடுவேன். சில வீடுகளில் கதவைத் திறந்தார்கள், சில வீடுகளில் திறக்கவில்லை. திறக்காத வீடுகளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

யுத்தம் முடிந்து, பிரெஞ்சுக்காரர் இன்னும் போகாமல் இருந்த சமயம். ஒருநாள் காலையில் பாகூரில் என் வீட்டு வாசலில் வில்வண்டி வந்து நின்றது. வெங்கடாசலம் இறங்கினார். தலை பாதி நரைத்திருந்தது. பின்னால் ஒரு பெண். யார் என்று அவர் சொல்லவேண்டிய அவசியமே இல்லை, அம்மாவின் அதே நெற்றி, அதே புருவம். பெயர் சரோஜாவாம். பட்டணத்துப் பள்ளியில் தங்கிப் படித்து, நான் எழுதிய அதே பிரெவே பரீட்சையில் தேறியிருந்தாள்.

"மேல படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்குது, தெரேசம்மா. டாக்டருக்காம். சின்னப் பொண்ணு, வெவரம் தெரியாம பேசுது. நீங்க சொல்லி உங்க படிப்புலயே சேத்து வுடுங்க. பொம்பளைக்கு அதான் தோது. அது போதும்."

எனக்குக் குரல் பெரிதாகவே வந்தது.

"உங்க பொஞ்சாதிக்கு அது போதலியே, வெங்கடாசலம்!"

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சரோஜா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க அம்மா ஜன்னி கண்டுல்ல செத்தாங்க?" என்றாள். அப்படித்தான் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அவர் தடுப்பார் என்று பார்த்தேன், தடுக்கவில்லை. ஆகவே அத்தனையையும் சொன்னேன். அவள் அம்மா கத்தினதை, விசுப்பலகையை, பூட்டு விழாததை, என்னை எந்தப் படிப்பில் போட்டார்கள், எந்தப் பாடத்துக்கு வெளியே அனுப்பினார்கள் என்பதை, எதையும் பூசி மெழுகாமல் சொன்னேன். சரோஜா அழவில்லை.

"டாக்டரை உள்ள வுடாதது யாரு?" என்று கேட்டாள்.

"நாந்தாம்மா" என்றார் வெங்கடாசலம்.

அவள் அவர் பக்கம் திரும்பி, "அப்ப நீயே வந்து சேத்து வுடுப்பா. டாக்டர் படிப்புல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் என்னையும் வண்டியில் ஏறச் சொன்னார்.

பெரிய டாக்டரின் அலுவலகத்தில் நாற்காலியும் மேசையும் பழைய இடத்திலேயே இருந்தன, ஆள் மட்டும் புதுசு. மனுவைத் தொடாமல், எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, குமாஸ்தாவிடம் கேட்டார். குமாஸ்தா தமிழில் சொன்னார்: "பெண்பிள்ளைக்கு மருத்துவச்சிப் படிப்பு இருக்கிறதே, டாக்டர் படிப்பு எதற்கு என்று துரை கேட்கிறார்."

சரோஜா வாயைத் திறந்தாள். நானும் திறந்தேன். வெங்கடாசலம் கையைக் காட்டி எங்கள் இருவரையும் நிறுத்தினார். மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று, குமாஸ்தாவைப் பார்க்காமல் அந்தத் துரையைப் பார்த்தே சொன்னார்:

"எம் பொஞ்சாதி செத்துட்டா, ஐயா. அதுக்குத்தான்."